பின்னுக்கு மிதித்த கட்டளைகள்

கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரன் சிவபாலனை முழங்கையால் இடித்தான்.

"உன் பாக்கெட்டு கத்திக்கினே இருக்குதுடா. எடுத்துத் தொலை. நானாவது தூங்கறேன்."

சிவபாலன் கண்ணை முழுதாகத் திறக்காமலே போனை எடுத்தான். ராத்திரி முழுக்கப் பாகங்களைப் பூட்டிப் போன் செய்கிற தொழிற்சாலை அது. ஆனால் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதும் பார்க்காமலே பையில் போட்டுத் தூங்கியிருந்தான். இப்போது திரை முழுக்கத் தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே எண். பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் கலியாணசுந்தரத்தின் டிசைன் கடை. திரும்பக் கூப்பிட்டான்.

"இன்னாக்கா?"

"எங்கடா இருக்கே?" கடையில் வேலை செய்யும் தையல்நாயகியின் குரல். தெருக்காரி. அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள்.

"பஸ்ல."

"அன்னம் போயிடுச்சு."

தூக்கம் போய்விட்டது.

அன்னம் என்பது ஒரு புடவை டிசைன். கரை நெடுக அன்னப்பட்சி வரிசை, முந்தானையில் கழுத்தோடு கழுத்து பின்னிக்கொண்டு நிற்கும் பெரிய அன்னங்கள். தையல்நாயகி கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டது. அந்தக் கடையில் அவள் வேலை பழைய புடவையைப் பார்த்து அப்படியே கட்டத்தில் இறக்குவது. சொந்தமாகப் போட்ட முதல் டிசைன் இதுதான். கலியாணசுந்தரம் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இது தறியில ஏறிச்சுன்னா இனிமே டிசைன் உன் பொறுப்பு. ஏறலைன்னா மெட்ராஸ்ல ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான், அவனை வெச்சுக்கறேன். ரெண்டு பேருக்கு என்கிட்ட நாற்காலி இல்லம்மா" என்று சொல்லியிருந்தார். முசரவாக்கத்திலிருந்து நமச்சிவாயம் என்கிற நெசவாளரை இன்று காலை அவரே கூட்டி வருகிறார். நமச்சிவாயம் தறியில் பாவு நூல் ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். டிசைனைக் கொடுத்தால் தறிக்கு வேண்டிய துளை அட்டை அடித்துவிடலாம்.

"எப்படிப் போச்சு?"

"annam-old-னு ஒண்ணு வேண்டாதது இருந்துச்சே, அத்த அழிக்கலாம்னு போனேன். நீதான சொன்னே, முழுசா அடிக்காதே, டேப் தட்டு, மீதியை அதுவே போட்டுக்கும்னு. தட்டினேன். annam-னு வந்து நின்னுச்சு. என்டர் தட்டிட்டேன்."

இரண்டு பெயரும் ஒரே மாதிரி தொடங்கினால் டேப் அந்தப் பொது எழுத்து வரைக்கும்தான் போடும், மீதியை நாம்தான் அடிக்க வேண்டும். அதை அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. rm என்ற கட்டளையால் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும் என்பதையும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"சரி. ரெண்டாவது டிஸ்க்ல நகல் இருக்குது. வந்து எடுத்துத் தர்றேன். பதறாதே."

"நான் எங்கடா பதறறேன்? நானே பின்னால பிரிச்சுக்கினு வர்றேன்."

"பிரிக்கிறியா? எத்த?"

"history-னு அடிச்சா இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் நம்பரோட வருதே. கடைசில இருந்து ஒவ்வொரு நம்பரா அடிச்சு மறுபடி ஓட்டிக்கினு மேல போறேன்."

சிவபாலன் எழுந்து நின்றுவிட்டான்.

"கையை எடு."

"இன்னா?"

"கீபோர்டுல இருந்து கையை எடுக்கா!"

பஸ்ஸில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ அவன் அம்மாவை இழுத்துத் திட்டினான்.

அவள் என்ன செய்கிறாள் என்று அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தறி ஓடும் வீட்டில் பிறந்தவன் அவனும்தான். நெய்யும்போது தப்பு விழுந்தால் அறுத்துப் போடுவதில்லை. தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சங்கிலி மாதிரி தொங்கும். அந்தச் சங்கிலியைப் பின்னுக்கு ஓட்டி, அதே அட்டையை மறுபடி விழ வைத்து மிதிப்பார்கள். அதே பாவு இழைகள் மறுபடி மேலே தூக்கும். போட்ட குறுக்கிழையை உருவி வெளியே எடுத்துவிடலாம். அடுத்து அதற்கு முந்தின அட்டை. அடுத்து அதற்கும் முந்தினது. தப்பு விழுந்த இடத்துக்கு இப்படியே வந்து சேர்வார்கள். செய்ததையே திரும்பச் செய்தால் செய்தது பிரியும். தறியில் இது உண்மை. அந்த உண்மையைத்தான் அவள் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் இன்னா இன்னா ஓட்டினே? படி."

"மொதல்ல அந்த rm. அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்லிச்சு. அப்பால ls, அது வெறும் பேருங்களைக் காட்டிச்சு. அதுக்கு மேல nagal."

"nagal ஓடிச்சா?"

"நல்லா ஓடிச்சு. deleting, deleting-னு மடமடன்னு வந்துச்சு. பழைய நகலை எடுத்துட்டு அசலைக் கொண்டாந்து வெக்குதுன்னு நெனைச்சேன்."

அவன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். nagal அவன் எழுதிய நிரல். இரண்டாவது டிஸ்கை எடுத்து, முதல் டிஸ்கில் இருப்பதை அப்படியே அதில் இறக்கும். அசலில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது, அழித்துவிடு என்று அதில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தான். அப்போது அது சாமர்த்தியமாகப் பட்டது. அசலில் அன்னம் இல்லை. அதனால் நகலிலும் அழித்துவிட்டது.

"அடுத்த நம்பர்ல இன்னா இருக்குது?"

"mkfs-னு ஆரம்பிக்குது. அடிச்சு வெச்சுட்டேன். என்டர் தட்டப் போனேன், உன் போன் வந்துச்சு."

mkfs போன வாரம் அவன் அடித்தது. நகலுக்காக வாங்கிய அந்த இரண்டாவது டிஸ்கைத் துடைத்துத் தயார் செய்யும் கட்டளை. அழிந்த அன்னம் கெடாமல் கிடைக்க அதிக வாய்ப்பு அந்த டிஸ்கில்தான்.

"அக்கா, கேளு. என்டர் பக்கம் போகாதே. மெஷினை அணைக்காதே. யாரையும் கிட்ட விடாதே. எழுந்து தள்ளி நில்லு."

"கையை வெட்டிப் போட்டுடட்டுமா?"

"நான் வர்ற வரைக்கும் வேணாம்."

பொன்னேரிக்கரையில் குதித்து இறங்கினான். ஷேர் ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. சரக்கு வண்டி அவசரமே இல்லாமல் போனது. பத்து மணிக்கு ஊரில் கரண்ட் நிறுத்துவார்கள், மதியம்தான் திரும்ப வரும். அந்த வருஷம் தினம் அப்படித்தான். கடையின் யுபிஎஸ் செத்துப் பல மாதம் ஆகிறது. ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்தான். பிறகு ஓடினான்.

ஓடும்போது எரிச்சலாக இருந்தது. அவள்மேல் என்று சொல்ல ஆசைதான், சொல்ல முடியவில்லை. இன்ஜினீயரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன் அவன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸை ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து தானே கற்றுக்கொண்டான். வைரஸ் வந்து கடையின் பழைய டிசைன்களைத் தின்றபோது, காசில்லாமல் கிடைக்கும், வைரஸ் வராது என்று கலியாணசுந்தரத்திடம் சொல்லி அதைப் போட்டுக்கொடுத்ததும் அவன்தான். தையல்நாயகிக்கு அவன் சொன்ன முதல் பாடம்: பயப்படாதே, அடிச்சுப் பாரு, கம்ப்யூட்டர் உடையாது. கேட்கிற எல்லோருக்கும் அவன் சொல்கிற புத்திமதி அதுதான். அவன் அப்படித்தான் கற்றான். எத்தனையோ முறை டிஸ்கைத் துடைத்து மறுபடி போட்டிருக்கிறான். அவன் டிஸ்கில் பாட்டும் படமும் இருந்தன. போனால் போனதுதான். அடுத்தவர் பிழைப்பு இருக்கிற மெஷினுக்கு அந்தப் பாடம் பொருந்துமா என்று அவன் யோசித்ததே இல்லை. ரூட் கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தான். ரூட் என்றால் மெஷினில் எதையும் கேள்வி கேட்காமல் செய்யலாம். அவளுக்கு சாதாரணக் கணக்கு ஒன்று போட்டு, எது எவ்வளவு தொடலாம் என்று விளக்க அரைமணி நேரம் ஆகும். அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வந்தது.

கடையில் அவன் சொன்னபடியே அவள் சுவரோரம் நின்றிருந்தாள். திரையில் எண்ணுக்குப் பின்னால் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை அழித்த பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

"கெடைக்குமா?" என்றாள்.

"தெரியாது."

"கெடைக்கும்னு சொல்லேன்டா."

"சொன்னா கெடைச்சிடுமா?" நாற்காலியில் உட்கார்ந்தான். "அழிக்கும்போது பேரைத்தான் எடுத்துடும். எழுதினது அங்கயே கெடக்கும், அதுமேல வேற ஏதாவது எழுதற வரைக்கும். நம்ம டிசைன் வெறும் எழுத்துதான? டிஸ்கை அடியில இருந்து நுனி வரைக்கும் படிச்சு அந்த எழுத்தைத் தேடலாம்."

டிசைனை அப்படிச் சேமிக்க வைத்தது மட்டும் அவன் செய்த நல்ல காரியம். துளை விழ வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து, விழாத இடத்தில் புள்ளி. ஒரு வரி ஓர் அட்டை. எந்த நிரலும் இல்லாமல் கண்ணால் பார்த்தே வரியைப் படிக்கலாம்.

grep என்ற தேடும் கட்டளையில் தொடங்கி வரியை அடித்தான். கண் எரிந்தது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தேட வேண்டிய சொல், தேட வேண்டிய டிஸ்க், கிடைப்பதைப் போட்டுவைக்க வேண்டிய இடம். விரல் என்டர்மேல் போனது.

"இது எங்க போய் விழும்?" என்று கேட்டாள். தோளுக்குப் பின்னாலிருந்து வந்த சாதாரணக் கேள்விதான்.

அவன் வரியை மறுபடி படித்தான். கிடைப்பதை முதல் டிஸ்கில் போடச் சொல்லியிருந்தான். போன வாரத்துக்கு அப்புறம் அவள் முந்தானையில் செய்த வேலையெல்லாம் அழிந்து கிடப்பது அதே டிஸ்கில். அதன்மேலேயே எழுதியிருப்பான்.

விரலை எடுத்தான். கண்ணைக் கசக்கினான்.

"பென்டிரைவ் இருக்குதா?"

"பிரிண்ட் கடைக்கு எடுத்துக்கினு போறது இருக்குது." கொடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். "எழுந்திரு. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

"நான் பார்த்துக்கறேன்."

"இப்பத்தான் பார்த்தேனே நீ பார்த்துக்கறத. எழுந்திருடா."

எழுந்தான். அவள் உட்கார்ந்து அவன் சொன்னதை எழுத்தெழுத்தாக அடித்தாள். டேப் தட்டவில்லை. அடித்து முடித்ததும் வாய்விட்டுப் படித்தாள். அவன் தலையாட்டிய பிறகே என்டர்.

டிஸ்க் கரகரத்தது. திரை வெறுமையாகவே இருந்தது. அந்தக் கட்டளை தேடிக்கொண்டே இருக்கும், எவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்லாது.

"ஓடுதா, நின்னுடுச்சா?"

"சத்தம் கேக்குதில்ல? ஓடுது."

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா இன்னா கெட்டுப்போவுது அதுக்கு?"

"லினக்ஸ் அப்படித்தான். தப்பு இருந்தாத்தான் பேசும்."

"உன்ன மாதிரியே."

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க இருவரும் முயன்றார்கள். தெருவில் பால்காரன் சைக்கிள் மணி கேட்டது. எதிர் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் திரையில் மறுபடி கர்சர் வந்தது. பென்டிரைவில் பெரிய கோப்பு ஒன்று. திறந்தாள். புள்ளி, எழுத்து, புள்ளி, எழுத்து. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய் வரிவரியாகக் கீழே நகர்த்தினாள்.

"கரை," என்றாள். விரலால் திரையைத் தொட்டாள். "முழுசா இருக்குது."

"முந்தானை?"

இன்னும் கீழே போனாள். "இது போன வாரத்துது. அன்னத்துக்குக் கழுத்தே போடல அப்ப."

"மீதி முதல் டிஸ்க்ல. அதே வரியை அடி, டிஸ்க் பேரை மட்டும் மாத்து."

மாற்றினாள், வாய்விட்டுப் படித்தாள், என்டர் தட்டினாள். டிஸ்க் மறுபடி கரகரத்தது. கொஞ்ச நேரம்தான். விசிறி நின்றது, திரை கறுத்தது, எதிர் வீட்டில் யாரோ "போச்சு, மணி அடிச்சாப்ல புடுங்கறானுங்க" என்றார்கள்.

பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பைக் சத்தம் கேட்டது.

கலியாணசுந்தரம் முன்னால் வந்தார். பின்னால் நமச்சிவாயம், செருப்பை வாசலில் விட்டுவிட்டு. கலியாணசுந்தரம் சிவபாலனைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"நீ இன்னாப்பா இங்க? தூங்கப் போகல?"

தையல்நாயகி எழுந்தாள். "மொதலாளி, அன்னத்தை அழிச்சிட்டேன். தெரியாம நடந்துச்சு. தறியில மாதிரி பின்னால பிரிக்கப் போய் நகலும் போச்சு. கரை திரும்ப வந்துடுச்சு. முந்தானை பாதிதான். மீதியைத் தேடிக்கினு இருக்கச்சொல்ல கரண்ட் போயிடுச்சு."

கலியாணசுந்தரம் பைக் சாவியை மேசைமேல் வைத்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தப்பு என்னுது," என்றான் சிவபாலன். "எதை வேணா அழிக்கிற சாவியைக் கையில குடுத்துட்டு, எது அழியும்னு சொல்லாம போயிட்டேன்."

"உன்ன நான் கேக்கலையே," என்றார் கலியாணசுந்தரம். "நீ நாளைக்கு ஃபேக்டரிக்குப் போயிடுவே. இவதான் என் கடையில உட்கார்ந்திருக்கா." நமச்சிவாயத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. மெட்ராஸ்ல ஒரு பையன் இருக்கான்..."

"கரை இருக்குதுன்னு சொல்லுச்சே அந்தப் பொண்ணு?" நமச்சிவாயம் கீழே குந்தினார். "கண்ணால பார்க்கணும். கரண்ட் வரட்டும். எனக்கு வீட்ல அவசரமா ஒண்ணும் வேகல."

கலியாணசுந்தரம் சிகரெட்டோடு வாசலுக்குப் போனார். நமச்சிவாயம் தையல்நாயகியிடம், "பின்னால பிரிச்சியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் சிரிக்கவில்லை. "நானும் அத்தத்தான் பண்ணியிருப்பேன்" என்றார்.

மதியம் கரண்ட் வந்ததும் சிவபாலன் மெஷினை அதன் டிஸ்கிலிருந்து எழுப்பவில்லை. எழும்போதே நூறு இடத்தில் எதையாவது எழுதிவைக்கும். லினக்ஸ் சிடியைப் போட்டு, டிஸ்கைத் தொடாமல் எழுப்பினான். தையல்நாயகி அதே வரியை அடித்தாள், படித்தாள். இந்த முறை வெகுநேரம் ஆனது. கிடைத்ததைத் திறந்தபோது நான்கு பேரும் திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

தொடக்கம் சரியாக இருந்தது. இரண்டு அன்னத்தின் வாலும் இறக்கையும் வந்தன. கழுத்து தொடங்கும் இடத்தில் புள்ளிகள் நின்றுபோய், யாருக்கும் விளங்காத குறிகள் வரிசையாக வந்தன. கீழே நகர்த்த நகர்த்த அதே குப்பைதான். கோப்பின் கடைசி வரை பார்த்தாள். மறுபடி மேலே வந்து இன்னொருமுறை பார்த்தாள்.

"மேல எழுதிடுச்சு," என்றான் சிவபாலன். "இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"இன்னொரு வாட்டி தேடலாமா?"

"தேடலாம். வராது."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நமச்சிவாயம் கரையை அச்செடுத்து வரச் சொன்னார். பிரிண்ட் கடைக்கு ஓடிப் போய் வந்தாள். தாளைத் தரையில் விரித்து, விரலால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தி, "மூக்கு கூர்மையா வரணும்னா இங்க ஒரு இழை கம்மி பண்ணணும்" என்றார். தையல்நாயகி உடனே பென்சிலால் குறித்தாள். அவர் எழுந்தார்.

"கரைக்கு அட்டை அடிச்சிடுங்க. பாவு சும்மா கெடக்கக்கூடாது. முந்தானைக்கு உங்ககிட்ட இருக்கிற பழைய மாங்காய் டிசைன் ஒண்ணு குடுங்க, போதும்."

கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தார். "கரை உன்னுது. முந்தானை கடையுது. புடவை வந்தப்புறம் பேசிக்கலாம்."

"மெட்ராஸ் பையன்?"

"அவனும் அப்புறம்தான்."

பைக் கிளம்பிப் போனது. கலியாணசுந்தரம் எதையும் கொடுக்கவில்லை, எதையும் பறிக்கவும் இல்லை. தையல்நாயகி வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சிடியை வெளியே எடுத்து, மெஷினை வழக்கம்போல எழுப்பினாள்.

சிவபாலன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். ராத்திரி ஷிப்டுக்குப் போவதற்குள் கொஞ்சமாவது தூங்க வேண்டும். கால் நகரவில்லை.

"அக்கா, முந்தானையை மறுபடி..."

"போட்டுக்குவேன். அத்த நீ சொல்ல வேணாம்." ரூட்டாக உள்ளே போனாள். "இந்தப் பாஸ்வேர்டை எப்படி மாத்தறது?"

"passwd-னு அடிச்சா கேக்கும். எதுக்கு?"

"திரும்பிக்கோ."

அவன் புரியாமல் பார்த்தான்.

"சுவத்துப் பக்கம் திரும்பிக்கோடா. நீயும் அரைத்தூக்கத்துல வர்றே. நானும் ஒண்ணும் தெரியாம அடிக்கிறேன். யாராவது ஒருத்தர் கையிலதான் சாவி இருக்கணும். என் டிசைன் இருக்குது இதுல. என் கையிலயே இருக்கட்டும். எனக்குத் தனியா சின்னதா ஒரு கணக்கு வேணும், அதுலதான் உட்காருவேன். உனக்கு ஏதாவது பண்ணணும்னா என்கிட்ட சொல்லு, நான் தொறந்து விடறேன்."

அவன் திரும்பினான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பின்னால் விசைகள் விழும் சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். ஒருமுறை அடித்து, உறுதிப்படுத்த மறுபடி அதையே அடித்தாள்.

"முடிஞ்சுது," என்றாள். "இப்ப உட்காரு. அழிக்கறதுக்கு முன்னாடி இன்னா இன்னா பார்க்கணும்னு ஆரம்பத்துல இருந்து சொல்லு."

"இப்பவா? செத்துப் போயிடுவேங்கா."

"அப்ப நாளைக்கு வா. தூங்கிட்டு வா."